இறால் சாப்பிட்டால் உதடு தடிக்கிறது, பால் குடித்தால் வயிறு உப்புகிறது: இது விசுவாசக் குறைவா?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 42, பள்ளி ஆசிரியை. நண்டும் இறாலும் சாப்பிட்டே வளர்ந்தவர். ஒன்றரை வருடமாக இறால் சாப்பிட்டால் உதடு அரிக்கிறது, கழுத்திலும் கையிலும் தடிப்பு வருகிறது. கடைசி முறை தொண்டை அடைப்பது போல இருந்ததாம். இது போதாதென்று, பால் குடித்தால் வயிறு உப்பி இரைகிறது. "விசுவாசத்தோடு ஜெபித்துவிட்டுச் சாப்பிடு, ஒன்றும் செய்யாது" என்கிறார் ஜெபக்குழுவில் ஒரு அக்கா. "நாற்பது வருஷம் ஒத்துக்கிட்டது இப்ப மட்டும் ஏன் ஒத்துக்கலை?" என்கிறார் மாமியார். ஏதாவது பாவத்தால் வந்ததா, தேவன் படைத்த உணவை ஒதுக்குவது தப்பா, அடுத்த மாதம் கொழுந்தனார் வீட்டுப் புதுமனை விருந்துக்குப் போகலாமா என்பவை அவர் கேள்விகள்.

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறாலையும் நண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். "கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று வீட்டில் ஒருபோதும் சோதித்துப் பார்க்காதீர்கள். தொண்டை அடைத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் 27 வருடம் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று பிரித்துக் காட்ட முடியும்.

உங்களுக்கு வந்திருப்பது ஒரே கோளாறு மாதிரி தெரிந்தாலும், பெரும்பாலும் இரண்டு வேறு விஷயங்கள். இறாலில் வருவது அலர்ஜி போலத் தெரிகிறது. அதாவது உடம்பின் காவல்காரன் ஆளை மாற்றி அடையாளம் கண்டுவிட்டான். இறாலில் ட்ரோப்போமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. அதை எதிரி என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை அது உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை உடம்பு ஒரேயடியாகக் கொட்டுகிறது. அதனால்தான் அரிப்பும் தடிப்பும். இந்தப் புரதம் கொதிக்க வைத்தாலும் அழியாது. வறுத்தாலும் தொக்காக்கினாலும் அப்படியேதான் இருக்கும். நண்டிலும் இதே புரதம் கிட்டத்தட்ட இதே வடிவில் உண்டு. இன்னொரு சங்கதி, வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளிலும் கரப்பான்பூச்சியிலும் இதன் உறவுக்காரப் புரதம்தான். தூசி ஒத்துக்கொள்ளாமல் வருடக்கணக்கில் தும்மிக்கொண்டிருந்த சிலருக்கு நடுவயதில் இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இந்த உறவு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பெரியவர்களான பிறகு புதிதாக வரும் உணவு அலர்ஜிகளில் இறால், நண்டு வகைக்கு முக்கியமான இடம் உண்டு. ஆகவே உங்கள் அத்தையிடம் சொல்லலாம்: நாற்பது வருடம் ஒத்துக்கொண்டது நாற்பத்தோராவது வருடம் ஒத்துக்கொள்ளாமல் போவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம்தான்.

மீன் வேறு புரதம். இறால் ஆகாதவர்களில் நிறையப் பேருக்கு மீன் ஆகும். ஆனால் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். நம் பக்கம் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தொண்டியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் மீன் வருகிறது. வழியில் ஐஸ் போதாமல் வெயில் பட்டால், சூரை, காணாங்கெளுத்தி மாதிரி மீன்களில் ஹிஸ்டமின் தானாகவே ஊறிவிடும். சமைத்தாலும் போகாது. அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும், பார்ப்பதற்கு அலர்ஜியேதான். ஒரே குழம்பைச் சாப்பிட்ட மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் மீனைச் சந்தேகப்படுங்கள். உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தால் அது உங்கள் உடம்பின் விஷயம்.

பால் விஷயம் வேறு. பாலில் இருக்கிற சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். குழந்தைப் பருவத்துக்குப் பிறகு அது குறைந்துகொண்டே வருவதுதான் மனிதர்களில் பெரும்பாலோருக்கு இயற்கை. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கிறது, அதுதான் உப்புசமும் இரைச்சலும். சில நேரம் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் உட்சுவர் புண்ணாகி, தற்காலிகமாக இப்படி ஆகி, சில வாரங்களில் சரியாவதும் உண்டு. இது தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் தயிராக்கும் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை நமக்கு முன்பே தின்றுவிடுகின்றன. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் சாப்பாட்டோடு சேர்த்து அரை தம்ளரில் தொடங்கிப் பாருங்கள். உங்கள் அளவு எது என்று வயிறே சொல்லிவிடும். பால் பணியாரத்துக்குப் பசும்பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் கிடையாது.

ஒன்று கேட்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா? வயிற்று உப்புசத்துக்கும் பேதிக்கும் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் வீங்குவது உண்டு. சாப்பாட்டின் மேல் பழி போட்டுக்கொண்டு மாத்திரையைத் தொடர்ந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள் அத்தனையும் பையில் இருக்கட்டும். உடம்பு மெலிவது, மலத்தில் ரத்தம், ராத்திரி எழுப்புகிற பேதி, ரத்தசோகை இதில் ஏதாவது இருந்தால் உணவுக் கணக்கெல்லாம் அப்புறம், நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

எனக்கும் இறால் ஆகாது. 46 வயதில் தெரிந்தது. உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். காலையில் முழங்கால் வலிக்கு ஒரு வலி மாத்திரை போட்டிருந்தேன். பந்தியில் இறால் தொக்கு. நாலு வாய் சாப்பிட்டிருப்பேன், உள்ளங்கை அரித்தது. இடது கை வாட்ச் பட்டைக்கு அடியில் தோல் கொசு கடித்த மாதிரி மேடு மேடாக எழும்பியது. பட்டையை ஒரு துளை தளர்த்திவிட்டு, பரிமாறுகிற அம்மா முகம் வாடக் கூடாது என்று இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் இருந்த தங்கைதான் கேட்டாள்: "என்னக்கா, குரல் ஒரு மாதிரி கம்முது?" முதலில் போன இடத்தில் அலர்ஜி ஊசி ஒன்று போட்டு, அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி, கண் இருட்டல். அடுத்த மருத்துவமனையில்தான் தொடையில் அட்ரினலின் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு திரும்பியது. பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், வலி மாத்திரை, சாப்பிட்ட கையோடு கடுமையாக உடம்பை அசைப்பது, மது, இவை சிலருக்கு அலர்ஜியை இன்னும் பெரிதாக்கிவிடும். போன தடவை வெறும் அரிப்போடு போனதே என்று அடுத்த தடவையை எடை போட முடியாததற்கு இது ஒரு காரணம்.

அதனால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தடிப்போடோ தடிப்பே இல்லாமலோ மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தொண்டை அடைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. உயிரைக் காக்கிற மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுகிற அட்ரினலின்தான். அரிப்பு மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும். தானே போட்டுக்கொள்ளும்படி வெளிநாட்டில் கிடைக்கிற அட்ரினலின் ஊசிப்பேனா நம் ஊர் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை, எனவே உங்களுக்கு என்ன ஏற்பாடு என்று அலர்ஜி பார்க்கிற மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சரியானதும் உடனே வீட்டுக்குக் கிளம்பாமல் சில மணி நேரம் அங்கேயே இருங்கள். எனக்கு நடந்த மாதிரி இரண்டாம் முறை கிளம்பலாம்.

பரிசோதனை என்று போனால், தோலில் மெல்லக் குத்திப் பார்ப்பது ஒன்று, ரத்தத்தில் ஐஜிஇ என்கிற, அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பது இன்னொன்று. தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை கூடுதலாக வந்துவிட்டால் மட்டும் அலர்ஜி என்று ஆகிவிடாது, நீங்கள் சொல்லும் கதையோடு அது பொருந்த வேண்டும். நூறு, இருநூறு உணவுகளுக்கு ஐஜிஜி என்கிற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிற பரிசோதனைக்கு மட்டும் போகாதீர்கள். ஐஜிஜி என்பது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அமெரிக்க, ஐரோப்பிய அலர்ஜி மருத்துவச் சங்கங்களே அதை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. அந்தத் தாளை நம்பிப் பருப்பு, முட்டை, கத்தரிக்காய், நல்லெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்பும் தோலுமாக வந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கோதுமையில் சந்தேகம் உள்ளவர்கள் சாப்பாட்டில் கோதுமை இருக்கும்போதே சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் நோய்) பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், நிறுத்திவிட்டுப் போனால் முடிவு தப்பாக வரும். கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ஜெபக்குழு அக்கா சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் அன்பினால்தான் சொல்லியிருப்பார்கள், கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் 1 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தை வைத்துச் சொல்லியிருப்பார்கள்: "தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது, ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்படுமாகில் ஒன்றும் தள்ளப்படத்தக்கதல்ல." அருமையான வசனம். ஆனால் சில உணவுகளை விலக்கினால்தான் பரிசுத்தம் என்று கட்டளை போட்டவர்களுக்கு எதிராகப் பவுல் எழுதியது அது. இறால் தீட்டு என்று நீங்கள் சொல்லவில்லையே. உங்கள் உடம்பு தாங்கவில்லை என்றுதான் சொல்கிறீர்கள். அடுத்த அதிகாரத்தை ஏன் வாசிக்காமல் விடுகிறோம்? 5-ஆம் அதிகாரம் 23-ஆம் வசனத்தில் அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார்: தண்ணீர் மட்டும் குடிக்காதே, உன் வயிற்றுக்காகவும் உனக்கு அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள். தீமோத்தேயு சபையை நடத்தியவர், பவுல் பிள்ளை போல நேசித்தவர். அவருக்கே வயிறு சரியில்லை. "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று பவுல் எழுதவில்லை. குடிப்பதை மாற்றிக்கொள்ளச் சொன்னார். நான் படுத்த படுக்கையாக இருந்த அந்த வாரம் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்துவிட்டு அழுதேன்.

"சாவுக்கேதுவான யாதொன்றைக் குடித்தாலும் அது அவர்களைச் சேதப்படுத்தாது" என்கிற மாற்கு 16-ஐயும் சிலர் எடுப்பார்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு வசனம் காட்டியபோது ஆண்டவர் என்ன சொன்னார்? "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." தொண்டை அடைக்கும் என்று தெரிந்துகொண்டே இறாலை வாயில் வைப்பது எனக்கு அந்த உப்பரிகையாகத்தான் தெரிகிறது.

சுகமாக்கும்படி ஜெபிக்க வேண்டாமா? ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று ஒருநாள் உங்களுக்குத் தோன்றினாலும் சாப்பாட்டு மேசையில் அதைச் சோதிக்காதீர்கள். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய இயேசுவே, போய் உன்னை ஆசாரியனுக்குக் காண்பி என்றார். அன்றைக்கு ஆராய்ந்து பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனிடம் இருந்தது. இன்றைக்கு அலர்ஜி மருத்துவர்கள், மருந்தும் ஊசியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கிற முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே போய்க் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கியது எந்த விசுவாசத்தில் என்று கேளுங்கள்.

பாவத்தால் வந்ததா என்கிற கேள்வி உங்களை ராத்திரி தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிறவிக் குருடனைப் பார்த்து இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டதற்கு, இரண்டும் இல்லை என்று யோவான் 9-இல் ஆண்டவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. தூங்குங்கள்.

உணவை விலக்குவது படைத்தவரை அவமதிப்பது என்கிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஓரியூரில் 1693-இல் இரத்தசாட்சியாக மரித்த கத்தோலிக்கக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), லிஸ்பனில் வளர்ந்தவர், இங்கே வந்து காவி கட்டிப் புலால் உணவையே விட்டுவிட்டார். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள், ஆனாலும் அந்தச் செம்மண்ணில் நின்றபோது இது என் மனதைத் தொட்டது. ஊழியத்துக்காக ஒருவர் உணவை விடலாம் என்றால், ஆசிரியை வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள உயிரோடு இருப்பதற்காக நீங்கள் இறாலை விடலாம்.

ஆனாலும் மனசு வலிக்கும், அதை மறைக்க வேண்டாம். நம் ஊரில் சாப்பாடு என்பது வெறும் சாப்பாடு இல்லை. கல்பாசியும் சோம்பும் எண்ணெயில் பொரிகிற வாசனை வந்தால் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வரும். அம்மா வைத்த நண்டு ரசம் இனி இந்த ஜென்மத்தில் எனக்கு இல்லை என்று தெரிந்த நாள் ஒரு துக்க நாள். "என் கிருபை உனக்குப் போதும்" என்று பவுலுக்குச் சொல்லப்பட்டதே, அதற்கு முன்னால் அவர் தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் வேண்டிக்கொள்ளலாம், அழலாம்.

புதுமனை விருந்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு பந்தி வருகிறது. பஞ்ச காலம், யாரோ தெரியாமல் பேய்க்கொம்மட்டிக்காயை அரிந்து கூழில் போட்டுவிட்டார்கள். வாயில் வைத்ததும் தீர்க்கதரிசிகளின் புத்திரர் சத்தம் போட்டார்கள்: "தேவனுடைய மனுஷனே, பானையில் சாவு இருக்கிறது." எலிசா வைக்கச் சொன்ன சாப்பாடுதான் அது. ஆனாலும் அவர்கள் வாயை மூடிக்கொண்டு விழுங்கவில்லை, எலிசாவும் கோபித்துக்கொள்ளவில்லை, மாவைக் கொண்டுவரச் சொல்லிப் பானையைச் சரி செய்தார். நான் அன்றைக்கு நிச்சயதார்த்தப் பந்தியில் செய்யத் தவறியது இதைத்தான்.

விருந்துக்கு ஒரு வாரம் முன்பே கொழுந்தனார் மனைவியிடம் தனியாகப் பேசுங்கள். "எனக்கு இறால் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் உபசாரத்துக்குச் சொல்வதாக நினைத்து இலையில் வைத்துவிடுவார்கள். "போன தடவை தொண்டை அடைத்தது, இது உயிருக்கே ஆபத்தாகலாம்" என்று சொல்லுங்கள். நம் ஆட்கள் அதற்கு அப்புறம் உங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இறால் தொக்குக் கரண்டி சாம்பாரில் விழக் கூடாது, இறால் பொரித்த எண்ணெயில் வாழைக்காய் பொரிக்கக் கூடாது, இந்த இரண்டையும் விளக்கமாகச் சொல்லுங்கள். கத்தரிக்காய்க் கூட்டிலும் துவையலிலும் சென்னாக்குன்னி இருக்கிறதா என்று கேளுங்கள். அது குட்டி இறால்தான், பொடித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாது. முதல் பந்தியில் உட்காருங்கள், கரண்டிகள் அப்போது சுத்தமாக இருக்கும்.

அத்தையிடம் கணவரை விட்டுப் பேச வைக்காமல் நீங்களே பேசிப் பாருங்கள். என் மாமியாரும் முதல் ஒரு வருடம் நம்பவில்லை. ஒருநாள் நான் அடுப்படியில் நின்றபோது கரண்டிகளில் ஒன்றின் காம்பில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. "அது இறாலுக்கு. நீ தொடாதே, நானே கழுவுறேன்" என்றார்கள். இப்போது அவர்கள் இல்லை. அந்தக் கரண்டி இன்னும் நூலோடு எங்கள் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது.